மேல் வீட்டுத் தண்ணீர்

முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத்தான் ஈரம் தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டில், அவர் தலையணை வைக்கிற இடத்துக்குச் சற்று மேலே. கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "மழைத் தண்ணி எறங்கியிருக்கும் புள்ள. வெயிலடிச்சா காஞ்சுபோயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். எதற்கும் அவசரப்படாத மனுஷன். நான் அதற்கு நேர் எதிர். அடுப்பில் பால் பொங்குவதற்குள் நான் இரண்டு தடவை பொங்கிவிடுவேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எங்கள் கட்டடம். பழைய கட்டடம். மேலே இருக்கிற வீடுகளெல்லாம் இரண்டு படுக்கையறை, இரண்டு பாத்ரூம். கீழே பாதி இடத்தை வண்டி நிறுத்தவும் மோட்டார் ரூமுக்கும் எடுத்துக்கொண்டதால் எங்கள் வீடு மட்டும் சின்னது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. ஹாலில் என் தையல் மிஷின். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் காம்பவுண்டுச் சுவர். காற்று வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவர் வேலை பார்த்த மில்லை மூடியபோது வாங்கிய வீடு இது. இருபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறோம், குறை சொன்னதில்லை.

ஈரம் தெரிந்த அந்தக் கார்த்திகை முடிந்து, தை போய், மாசி வெயிலும் வந்துவிட்டது. தெருவில் தார் இளகுகிற மாதிரி அடித்தது. சுவர் மட்டும் காயவில்லை. தட்டு அகலம் இருந்தது முறம் அகலம் ஆயிற்று. பெயிண்ட் கொப்புளித்தது, கொப்புளம் உடைந்து காரை உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தினம் காலையில் எழுந்ததும் கட்டிலைத் தட்டிக் கூட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. பெருக்கப் பெருக்க உதிரும். சனியன் பிடித்த சுவர்.

கொத்தனாரை அழைத்து வந்தேன். அவர் சுத்தியல் காம்பால் மேலே தட்டிப் பார்த்துவிட்டு, "இது மழையில்லீங்கக்கா. மேல் ஊட்டு பாத்ரூம்ல பைப்பு மூட்டு விட்டுப்போச்சு. தரையை ஒடச்சுத்தான் பாக்கோணும்" என்றார். மேலே போய்ச் சொல்வதற்கு முன்னால் நாமே ஏதாவது செய்து பார்ப்போமே என்று இவர் சொன்னார். அடுத்தவர் வீட்டுத் தரையை உடை என்று எப்படிச் சொல்வது என்கிற சங்கடம். சரி என்று ஓதம் தடுக்கிற பெயிண்ட் என்று ஒன்றை வாங்கி அடிக்க வைத்தோம். ஒரு மாதம் பளிச்சென்று இருந்தது. பிறகு அதற்குள்ளேயே தண்ணீர் சேர்ந்து, சுவருக்கு வயிறு வைத்தது மாதிரி உப்பிக்கொண்டு, ஒருநாள் மத்தியானம் பாளம் பாளமாக அவர் மேலேயே விழுந்தது. விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே, "சிறுவாணித் தண்ணியா இருந்தாலாச்சும் கொடத்தை வெச்சுப் புடிச்சுக்கலாம். இது போர்த் தண்ணி, உப்பு" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இருமல்தான் விஷயம். பீளமேட்டு மில்லில் பஞ்சு சீவுகிற பகுதியில் இருபத்தைந்து வருஷம் நின்றவர் அவர். முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி மில்லில் கொடுத்த துணியை நாங்கள் கரித்துணியாக வைத்திருந்தோம். அப்படி ஒரு காலம், அப்படி ஒரு புத்தி. மில்லை விட்டு வந்தபோதே நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சப் பாதியைத் தூசு, புகை, ஈரம் மூன்றும் படாமல் காப்பாற்ற வேண்டும் என்றார். நான் தூசைத் தடுத்தேன். ஊதுபத்திகூட ஏற்றாமல் புகையைத் தடுத்தேன். ஈரம் சுவருக்குள்ளிருந்து வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பெயிண்ட் விழுந்த அன்றே மேலே ஏறிப் போனேன். போகும்போது கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்தது மேல் வீட்டம்மா. என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு பேசும்போது எங்களைவிட நாலு 'ங்க' கூடப் போடுவார்கள். "வாங்க, வாங்கக்கா, உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி குடிச்சுட்டுத்தான் பேசோணும்" என்று உட்கார வைத்துவிட்டார். காப்பி குடித்த வாயால் யாரைத் திட்ட முடியும்? மெதுவாகச் சொன்னேன். பாவம், பதறிப்போனார். அன்று சாயங்காலமே அவர் மகன் கீழே வந்து சுவரைப் பார்த்தான். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன், சுறுசுறுப்பு. "மன்னிச்சுக்குங்க அங்கிள். வர்ற வாரமே ஆளைக் கூட்டிட்டு வந்து ஒடச்சுப்போடறேன்" என்றான். எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் அந்தப் பையனே மறுபடியும் வந்தான். எத்தனை நாள் வேலை, சத்தம் இருக்கும், தூசி வரும், அங்கிள் அன்றைக்கு மட்டும் வெளியே இருந்தால் நல்லது என்றெல்லாம் சொல்லிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு, "எங்க ஊட்டுக்காரி முழுகாம இருக்கறாளுங்க ஆன்ட்டி. இப்பத்தான் தெரிஞ்சுது. அதான் அவளை ரெண்டு நாளைக்கு அவங்கம்மா ஊட்டுல விட்டுப்போட்டு வேலையை முடிச்சரலாம்னு" என்றான். கல்யாணமாகி ஆறேழு வருஷம் ஏங்கிப் பெற்ற சேதி. நான் சந்தோஷப்பட்டேன். இவர் முகம் செத்துவிட்டது.

"தம்பி, இடிக்க வேண்டாம்" என்றார்.

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க அங்கிள்."

"நான் பாக்கறேன் சாமி. கொழந்தை பொறக்கட்டும். பொறவு பாத்துக்கலாம். எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."

பையன் என்னைப் பார்த்தான். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, தரையைத் தோண்டக் கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பாதிப்பேர் ஒரு வழக்கத்துக்காகச் சொல்வார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் கல்யாணமான புதிதில் பீளமேட்டில் மில் லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை, ஜன்னல் கிடையாது. நான் ஏழு மாதம். சித்திரை வெக்கையில் வியர்த்து வழிந்துகொண்டு படுத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இவர் கடப்பாரை வாங்கி வந்து பின்சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார். நான்தான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வைத்த அந்த வாரமே வயிற்றில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் செத்துத்தான் எடுத்தார்கள். கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் அதற்கு முன்னாலேயே வராந்தாவில் வைத்து என் மாமியார் இவரிடம் சொல்லிவிட்டார்: "நீதான்டா செவுத்தை இடிச்சே." அவ்வளவுதான். பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கட்டிக்கொண்டு ஓசூர் போனாள். டாக்டரம்மா சொன்னதை நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவார். அவர் காதில் விழுந்து தங்கினது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் கையால் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. காலண்டர்கூட நான்தான் மாட்டுவேன்.

பையன் மேலே போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உங்க மூச்சுக்கு யாருங்க ஜவாப்பு? எட்டு மாசம் இந்த ஓதத்துல கெடந்தா என்னாகறது?"

"எட்டு மாசந்தான அம்மணி. ஓடிப்போயிரும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஒடைக்க வேண்டாம். அவங்களுக்குத்தான் இன்னொரு பாத்ரூம் இருக்குதே. இதைப் பூட்டி வெச்சுக்கச் சொல்லுங்க. தண்ணி ஊத்தாம இருந்தாப் போதும், நின்னுபோகும். நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் போனா எனக்குக் காப்பி குடுத்து அனுப்பிப்போடுவாங்க."

இரண்டு நாள் தள்ளிப்போட்டார். பிள்ளைத்தாச்சிப் பெண்ணை, ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறவளை, அறையை ஒட்டின பாத்ரூமை விட்டுவிட்டு அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்வதா என்றார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். கடைசியில் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனார். படியேறி இறங்கின இளைப்பு அடங்கும்வரை காத்திருந்து, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன். "சொல்லிப்போட்டேன். பாக்கலாம்னாங்க" என்றார்.

நானும் பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். காலையிலும் சாயங்காலமும் எங்கள் தலைக்கு மேல் ஷவர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் சுவர் கறுத்துக்கொண்டு வரும். உப்புப் பூத்த இடத்தில் இப்போது பூசணம். கறுப்புக் கறுப்பாக, புள்ளி புள்ளியாக, மேலிருந்து கீழே இறங்கியது. பினாயில் போட்டுத் துடைத்தேன், பிளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தேன். அந்த நெடிக்கு இவர் மூச்சு முட்டித் தெருவில் போய் நின்றார். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். அங்கே என் மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் குறுக்கு வாட்டில்தான் நடக்க முடியும். ஒரு மாதத்தில் மேல்தளம் வழியாக ஹாலுக்கும் ஈரம் வந்துவிட்டது. பீரோவைத் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம். தைக்க வந்த பட்டு ரவிக்கை ஒன்றில் பூசணம் ஏறி, அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கிப் போனார். அத்தோடு பட்டுத் துணி தைக்க வாங்குவதை விட்டேன்.

எனக்கு வயிறு எரிந்தது. என்ன ஜனங்கள் இவர்கள்? கீழே ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான் என்று சொன்ன பிறகும் குளிக்கிறார்களே, இவர்களுக்கு நெஞ்சுக்குள் என்ன கல்லா இருக்கிறது? படியில் மேல் வீட்டம்மாவைப் பார்த்தால் நின்று கேட்பார்: "எப்படீங்கக்கா இருக்குது? பரவாயில்லீங்களா?" கேட்பதைப் பார், ஒன்றுமே தெரியாத மாதிரி என்று நினைத்துக்கொண்டு, "ஏதோ இருக்குதுங்க" என்பேன். "நல்லதுங்க, நல்லதுங்க" என்று சிரித்துவிட்டு ஏறிப் போவார். நான் கீழே நின்று பல்லைக் கடிப்பேன். ஆனால் ஒரு வார்த்தை? ஊஹும். வாயில் கொழுக்கட்டை. தையற்காரியாக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், பஸ்ஸில் போட்டிருக்கிறேன், ரேஷன் கடையில் போட்டிருக்கிறேன். படியில் நின்று சிரித்துப் பேசுகிற ஒருத்தியிடம் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

இவரைக் காங்கேயத்தில் இருக்கிற அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். காய்ந்த பூமி, காய்ந்த காற்று, அங்கேயே ஆறு மாதம் வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் நாள் நன்றாகத் தூங்கினார். மறுநாள் பக்கத்துக் களத்தில் தேங்காய்ப் பருப்பு காயப் போட்டு, பூசணம் பிடிக்காமல் இருக்க கந்தகப் புகை போட்டார்கள். அங்கே அது நாள் தவறாமல் நடக்கிற வேலை. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேங்காய்க்குப் பூசணம் வராமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது புலம்பிக்கொண்டே வந்தேன். ஓசூருக்கு வரச் சொல்லி மகள் அழுதாள். அந்தக் குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஆகக்கூடி, திரும்பவும் அந்தச் சுவருக்கே வந்து சேர்ந்தோம்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அழைக்க மேல் வீட்டம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். மணி அடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். ஹால் சுவரில் ஈரம் தெரிகிற இடத்துக்கு மேல் ஒரு புடவையை மடித்துத் தொங்கவிட்டேன். யார் தண்ணீரோ ஒழுகி வந்த ஈரம், அவர்களே வந்து நிற்கிறார்கள், இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியதுதானே? ஆனால் ஒறம்பரை, விருந்தாளி வரும்போது வீடு அசிங்கமாக இருக்கக் கூடாது என்று கை தானாக ஓடிவிட்டது. அவர் குங்குமம் கொடுத்தார். "அண்ணனும் அவசியம் வரோணும்" என்றார். இவர் இருமலை அடக்கிக்கொண்டு, "ஆகட்டுங்கம்மா, வாரேன்" என்றார். விழாவுக்கு நான் மட்டும் போய் அந்தப் பெண் கையில் வளையல் போட்டுவிட்டு வந்தேன். அழகாக இருந்தாள். அம்மா வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பிரசவத்தையும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். முதுகு வலிக்கிறது என்றும், வெந்நீரில் நேரம் போவது தெரியாமல் நிற்பதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தத் தண்ணீர்தான் என் வீட்டில் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டே, "உடம்பைப் பாத்துக்க கண்ணு" என்றேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது இவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சுக்கு இழுக்கிற மருந்தை இழுத்தும் இளைப்பு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "வீட்ல எங்காவது செவுத்துல பூஞ்சை இருக்குதுங்களா?" என்று கேட்டார். "செவுரே அதுதாங்க" என்றேன். ஏற்கெனவே பஞ்சு தின்ற நுரையீரல், அதில் இந்தப் பூஞ்சை போய் உட்கார்ந்திருக்கிறது, முயற்சி பண்ணுகிறோம் என்றார். முயற்சி பண்ணுகிறோம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் மேல் வீட்டம்மா பழங்களோடு பார்க்க வந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "திடீர்னு எப்படீங்கக்கா இப்படியாச்சு?" என்று கேட்டார். அத்தனை மாதம் அடக்கினது அப்போதுதான் என்னை மீறிவிட்டது. "திடீர்னா? தெரியாத மாதிரி கேக்கறீங்களே? உங்க பாத்ரூமைப் பூட்டி வெக்கச் சொல்லி அவரு வந்து கெஞ்சுனாரே, ஒரு நாள் பூட்டுனீங்களா?" என்றேன்.

மேல் வீட்டம்மா என் கையை விட்டார். "பூட்டச் சொன்னாருங்களா? அண்ணன் வந்து, கொத்தனார் கீழ இருந்தே ஏதோ மருந்து அடிச்சாரு, ஓதம் நின்னுபோச்சு, செவுரு காஞ்சுபோச்சு, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கன்னுதானுங்க சொல்லீட்டுப் போனாரு. நானும் உங்களைப் பாக்கறப்பல்லாம் கேட்டனேங்கக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பூட்டியிருப்பமே. அந்தப் பாத்ரூம் இல்லைன்னா எங்களுக்கு என்னங்க கொறைஞ்சுபோகும்?"

எழுந்து உள்ளே போனேன். இவருக்கு மூக்கிலும் வாயிலும் முகமூடி வைத்திருந்தார்கள். உடம்பு கிடக்கிற கிடப்பைப் பார்த்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "ஏனுங்க, மேல போய் என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முகமூடியை விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கிச் சொன்னார்: "பூட்டச் சொன்னா... ஏன்னு கேப்பான். இன்னும் ஒழுகுதுன்னு தெரிஞ்சா... அந்தத் தம்பி நிக்க மாட்டான் புள்ள. மறுநாளே இடிச்சுப்போடுவான். இன்னொரு புள்ளைக்கு... நான் காரணமாகக் கூடாது."

பைத்தியக்கார மனுஷா, இடிக்காதே, பூட்டு என்று மட்டும் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களே என்று கத்த வேண்டும் போல இருந்தது. நர்ஸ் வந்து முகமூடியை மாட்டிவிட்டாள். நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று சாயங்காலமே மேல் வீட்டில் அந்தப் பாத்ரூமைப் பூட்டிவிட்டார்கள்.

வீடு காய ஆரம்பித்தது. மாற்றுத் துணி எடுக்க வரும்போதெல்லாம் பார்ப்பேன். ஈரத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவரிடம் போய், "செவுரு காயுதுங்க" என்று சொன்னேன். கண்ணைத் திறந்து, விரலால் மேலே காட்டினார். மேல் வீட்டுப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார். நல்லா இருக்கிறாள், இன்னும் நாளிருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வீடு திரும்பவில்லை. உடம்பாகத்தான் கொண்டுவந்தோம், காய்ந்த சுவருக்குக் கீழே கிடத்தினோம்.

இழவு வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சி வரக் கூடாது. மேல் வீட்டம்மாவும் பையனும் எல்லாக் காரியத்திலும் கூட நின்றார்கள், அந்தப் பெண்ணை மட்டும் கீழே விடவில்லை. பத்தொன்பது நாளில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழுகிற சத்தம் மேல்தளம் வழியாக எனக்குக் கேட்கும். குழந்தைக்கு மூன்றாம் மாதம் தொடங்கியதும் ஆளை விட்டுத் தரையை உடைத்தார்கள். சுத்தியல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. மூட்டு விட்டுப்போன பைப்புத் துண்டைப் பையன் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். இதற்காகவா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் எனக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. சமைக்கும்போது ஓடும், மிஷினை மிதிக்கும்போது ஓடும். உங்க தண்ணிதான் அவரைக் கொன்னுது. யாரிடமாவது சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று இருந்தது. மேல் வீட்டம்மாவிடம் சொல்லலாமா, பையனிடம் சொல்லலாமா என்று யோசிப்பேன். அவர்கள் மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

ஒருநாள் மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராகப் படுக்கையறைக்குள் போய் அந்தச் சுவர் முன்னால் நின்றாள். காய்ந்திருந்தது, ஆனால் கறையும் உதிர்ந்த காரையுமாகத்தான் இருந்தது. நான் இன்னும் பூசவில்லை. கட்டிலை மட்டும் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "என்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க ஆன்ட்டி. நான்தானுங்க தினமும் அந்தப் பாத்ரூம்ல அத்தனை நேரம் தண்ணிய விட்டுட்டு நின்னேன். அங்கிள் அதனாலதான் போயிட்டாருங்களா?" என்று கேட்டாள்.

அந்த வாக்கியம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது. குழந்தை அவள் கழுத்தில் எச்சில் வழியவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவும் என் மாமியாரும் ஞாபகம் வந்தது. கடப்பாரை பிடித்த கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு தலை குனிந்து நின்ற இருபத்தாறு வயசுக்காரரும் ஞாபகம் வந்தார்.

"யாரு உனக்கு இப்படிச் சொன்னது?" என்றேன். "அது மில்லுப் பஞ்சு கண்ணு. உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னயே பாதி நெஞ்சு போயிருச்சு. நீ குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன?"

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தான் அம்மணி. மனசுல வெசனம் வெச்சுக்கிட்டுப் பால் குடுக்காதே. கொண்டா, புள்ளையை இங்க குடு."

கொடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கனமாகத்தான் இருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு, லேசான காலோடு படியேறிப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அந்தச் சுவரில் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்தேன். காய்ந்த காரை கட்டில் மேல் உதிர்ந்தது. அவர் படுக்கிற பக்கம். கூட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் மேலேயே படுத்து அழுதேன்.